பாப் டிலனை முதன்முறையாக நேரில் கேட்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனின் பாடல்களைப் பல ஆண்டுகள் ஒலிப்பதிவில் கேட்டுப் பழகிய ஒருவர், அவரை மேடையில் காணும் வாய்ப்பு வந்தவுடன் செய்கிற முதல் காரியம், தமக்குப் பிடித்த பழைய பாடல்களையெல்லாம் மறுபடியும் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வதுதான். 2022 அக்டோபரில் லண்டன் பல்லேடியம் அரங்கத்துக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் நானும் அதைத்தான் செய்தேன். அன்று அவர் பாடிய பதினேழு பாடல்களில் ஒன்பது, 2020-இல் வெளிவந்த 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' என்ற ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை. எஞ்சிய பழைய பாடல்களும் வேறு மெட்டில், வேறு தாள நடையில் வந்ததால், சிலவற்றை இரண்டாம் சரணம் வரை என்னால் அடையாளம் காண முடியவில்லை. பாதிக் கச்சேரியை 'இது எந்தப் பாட்டு' என்று தேடுவதிலேயே கழித்துவிட்டேன் என்ற வருத்தம் வீடு திரும்பிய பிறகும் நீங்கவில்லை. 2024 நவம்பரில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இரண்டாவது முறை கேட்டபோது வேறு விதமாகத் தயாராகிப் போனேன், அந்த மாலை முழுவதும் எனக்குக் கிடைத்தது. அந்த இரண்டு மாலைகளுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டதை, முதல்முறை போகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கச்சேரி என்று முதலில் தீர்மானியுங்கள்

டிலன் 1941 மே 24 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் பிறந்தவர். 1988 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அவருடைய மேடைப் பயணத்தை 'முடிவில்லாப் பயணம்' என்று ரசிகர்களும் பத்திரிகைகளும் அழைத்தனர். கொரோனா காலத்தில் நின்றிருந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியைத் தவிர, அவர் ஆண்டுதோறும் பல பத்துக் கச்சேரிகளை நடத்தி வந்திருக்கிறார். ஆனால் எல்லாக் கச்சேரிகளும் ஒரே வகையானவை அல்ல. 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' தொகுப்பின் பெயரில் 2021 நவம்பரில் மில்வாக்கி நகரில் தொடங்கிய பயணம் பெரும்பாலும் மூடிய அரங்கங்களில் நடந்தது. வேறு பாடகர் யாரும் முன்னால் பாடவில்லை, இடைவேளையும் கிடையாது, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் அவரும் அவருடைய குழுவும் மட்டுமே. இதற்கு மாறாக, 2024, 2025 கோடைகளில் கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சனுடன் சேர்ந்து அமெரிக்காவில் அவர் பங்கேற்ற திறந்தவெளி விழாவில் ஒரே நாளில் பல கலைஞர்கள் வரிசையாகப் பாடினார்கள். அவருடைய பங்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான்.

முதல்முறை போகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் மூடிய அரங்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய டிலனின் குரல் தாழ்ந்த குரல். பாதி பேசுவதைப் போலவும் பாதி பாடுவதைப் போலவும் ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைக்கிற குரல். வெயிலும் கூட்டமும் உணவுக் கடைகளும் சூழ்ந்த ஒரு மைதானத்தில் அந்தக் குரலின் பாதி காற்றோடு போய்விடும்.

டிக்கெட்

கச்சேரி அறிவிப்புகள் பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்புதான் வருகின்றன. டிலனின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலும் அந்தந்த அரங்கத்தின் இணையதளத்திலும் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்து வைத்தால், பொது விற்பனைக்கு ஓரிரு நாட்கள் முன்னதாக நடக்கும் முன்விற்பனை பற்றிய செய்தி வந்து சேரும். விற்பனை திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கணக்கில் நுழைந்து, அட்டை விவரங்களைச் சேமித்து வைத்திருப்பது நல்லது. வரிசையில் உங்கள் முறை வந்த பிறகு கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் சீட் கையைவிட்டுப் போய்விடும். முதல் நாள் கிடைக்காதவர்கள் கள்ளச் சந்தைக்குப் போக வேண்டாம். கச்சேரிக்கு முந்தைய ஒரு வாரத்தில், மேடைக்கருவிகளுக்காக ஒதுக்கி வைத்திருந்த இருக்கைகளை அரங்கங்கள் விற்பனைக்கு விடுவது உண்டு. வர இயலாதவர்கள் வாங்கிய விலைக்கே திருப்பி விற்கும் முறையான ஏற்பாடுகளும் இருக்கின்றன. ஆல்பர்ட் ஹாலுக்கான என் டிக்கெட் கச்சேரிக்கு நான்கு நாட்களுக்கு முன்பு, காலை ஏழு மணிக்கு, அப்படித்தான் கிடைத்தது.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இதற்காகவே வர நினைப்பவர்கள் விசாவுக்கான காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்பது வயதைக் கடந்த கலைஞர் என்பதால் கச்சேரி தள்ளிப்போகும் சாத்தியம் எப்போதும் உண்டு. ஆகவே விமானச் சீட்டையும் தங்குமிடத்தையும் மாற்றிக்கொள்ளத்தக்க வகையில் வாங்குங்கள், முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் நடக்கிற ஊராகப் பார்த்து வாருங்கள். அதே காரணத்துக்காக, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கே உட்காருவது

நம் ஊர்ப் பழக்கத்தில் முன்வரிசைதான் மரியாதையான இடம். டிலன் கச்சேரியில் அது அவ்வளவு நல்ல இடம் என்று சொல்ல முடியாது. 2002 முதல் அவர் கிதாரைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டு விசைப்பலகைக்கு மாறினார். கடந்த பத்தாண்டுக்கும் மேலாகப் பியானோவே அவருடைய இடம். தரைமட்டத்து இருக்கைகளிலிருந்து பார்த்தால் பியானோவுக்கு மேலே நெற்றியும் முடியும் மட்டும் தெரிகிற வாய்ப்பு அதிகம். பெரிய திரைகள் வைக்கப்படுவதில்லை, மேடை வெளிச்சமும் மங்கலானது. முதல் அல்லது இரண்டாம் மாடத்தில், மேடையின் நடுவுக்கு நேராகவோ சற்றுப் பக்கவாட்டிலோ உட்கார்ந்தால் பியானோ விசைகளின் மேல் அவர் கைகள் நகர்வதையும், பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று குழுவினர் அவர் முகத்தைக் கவனித்துக்கொண்டே வாசிப்பதையும் பார்க்கலாம். 1989 முதல் அவருடன் இருக்கும் பாஸ் கிதார் கலைஞர் டோனி கார்னியர் கண்களை எடுக்காமல் டிலனையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மாடத்திலிருந்துதான் தெரிந்தது. ஆல்பர்ட் ஹாலில் மேடைக்குப் பின்புறமும் இருக்கைகள் உண்டு. விலை குறைவானாலும் ஒலிபெருக்கிகள் எதிர்த்திசையை நோக்கி இருப்பதால் சொற்கள் தெளிவாகக் கேட்காது. சொல் கேட்காத இடத்தில் டிலனைக் கேட்பதில் பயனில்லை. சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்துப் போங்கள்.

செவிக்கான ஆயத்தம்

எல்லாவற்றிலும் முக்கியமான ஆயத்தம் இதுதான், இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டும்.

திரையிசைக் கச்சேரிக்குப் போகும் நாம், இசைத்தட்டில் இருந்த இடையிசை ஒரு சுரம் மாறாமல் மேடையிலும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்; வந்தால் கைதட்டுகிறோம். டிலனிடம் அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். மாறாக, டிசம்பர் சீசனில் ஒரே கீர்த்தனையை ஒரே வித்வானிடம் மூன்று சபாக்களில் கேட்டு, மூன்றிலும் நிரவல் எப்படி வேறுபட்டது என்று பேசிக்கொண்டே வீடு திரும்புகிற ரசிகருக்கு டிலன் கச்சேரி அந்நியமாகத் தோன்றாது. இரண்டு இசைகளுக்கும் இலக்கணம் வேறுதான். ஆனாலும் எழுதி முடித்த பாட்டை முடிந்துபோன பொருளாகக் கருதாமல், ஒவ்வொரு இரவும் மறுபடியும் தொடங்க வேண்டிய வேலையாகக் கருதுகிற மனப்பாங்கு இரண்டுக்கும் பொதுவானது. 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அதற்கான உரையில், பாடல்கள் வாசிப்பதற்காக அல்ல, பாடுவதற்காகவே இருக்கின்றன என்ற பொருளில் சொன்னார். மேடையில் அவர் செய்வது அந்தக் கூற்றுக்கான விளக்கம்.

இந்த மாற்றங்களை முதுமையின் தளர்ச்சி என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு என்பதற்கு அவருடைய இளமைக்காலமே சாட்சி. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், வெறும் கிதாரும் மவுத் ஆர்கனுமாகத் தன்னை அறிந்திருந்த கூட்டத்தின் முன் மின்கிதார்க் குழுவுடன் ஏறியபோது அவருக்கு வயது 24. மறு ஆண்டு மே 17 அன்று மான்செஸ்டரில், அந்த மாற்றத்தைத் துரோகமாகக் கருதிக் கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தினார். (அந்த இரவின் ஒலிநாடா ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில்தான் பல ஆண்டுகள் ரகசியமாகக் கைமாறியது, 1998-இல் முறையாக வெளியானபோதும் அந்தப் பழைய பெயரை மேற்கோள் குறிகளுக்குள் வைத்தே வெளியிட்டார்கள்.) 1978-இல் டோக்கியோவின் புடோக்கன் அரங்கில் தம் புகழ்பெற்ற பாடல்களைப் பெரிய குழுவுடன், புல்லாங்குழலும் சாக்ஸஃபோனும் பின்னணிப் பாடகிகளும் சேர, வேறு உருவத்தில் தந்தார். ஆக, நீங்கள் கேட்கப் போகும் மாற்றத்துக்கு அறுபதாண்டு வயது ஆகிறது.

கேட்க வேண்டியவற்றை இந்த வரிசையில் கேளுங்கள் என்று பரிந்துரைக்கிறேன். முதலில், அப்போதைய பயணத்தில் அதிகம் பாடப்படும் தொகுப்பு. 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' பயணத்துக்குப் போனவர்கள் அந்தத் தொகுப்பின் பத்துப் பாடல்களில் ஒன்பதை மேடையில் கேட்டார்கள். கென்னடி படுகொலையைப் பற்றிய, ஏறத்தாழ பதினேழு நிமிட நீளமுள்ள கடைசிப் பாடல் மட்டுமே விடுபட்டது. அடுத்து, 2021-இல் படமாக வந்து 2023-இல் இசைத்தொகுப்பாக வெளியான 'ஷேடோ கிங்டம்'. பழைய பாடல்களை இன்றைய குரலில், முரசு இல்லாமல், மெல்லிய குழுவோடு அவரே மாற்றிப் பாடியிருப்பதால், மேடையில் வரப்போவதற்கு இதைவிட நெருக்கமான ஒத்திகை கிடையாது. 2015-க்கும் 2017-க்கும் இடையே, பழைய அமெரிக்கப் பாடல்களை, பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்றவற்றை, எடுத்துப் பாடி வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்றையாவது இரவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த குரலில் சொல்லை நீட்டி வைக்கும் இன்றைய முறையை அவர் அங்கேதான் பயின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் பிறகு, அண்மைக் கச்சேரிகளின் பாடல் பட்டியலைப் பார்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி வரும். புதியவர்கள் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். ஒரு பயணத்துக்குள் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை என்பதால், மூன்று நாட்களுக்கு முந்தைய பட்டியல் உங்களுக்குப் பெரிதும் பொருந்தும். பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொரு பழைய பாடலின் வரிகளையும் இசை இல்லாமல் படியுங்கள். மெட்டு மாறிவிடும், வேகம் மாறிவிடும், ஆனால் சொற்கள் பெரும்பாலும் நிற்கும். இருட்டில் நீங்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு அதுதான். சில பாடல்களில் வரிகளையும் அவர் திருத்தியிருப்பார். பாடத்தை முன்பே படித்தவருக்குத்தான் அந்தத் திருத்தம் காதில் விழும், அப்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

'ப்ளோயிங் இன் தி விண்ட்' வரும், 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' வரும் என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள். நான் கேட்ட இரண்டு இரவுகளிலும் இரண்டும் வரவில்லை.

அன்றைய நாள்

'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' பயணத்தின் அரங்கக் கச்சேரிகளில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. டிக்கெட்டைக் கைப்பேசியில் காட்டி உள்ளே நுழைந்ததும், பணியாளர் ஒருவர் அதை ஒரு துணிப்பைக்குள் போடச் சொல்லி, பையின் வாயைக் காந்தப் பூட்டால் அடைத்து உங்களிடமே திருப்பித் தருவார். அவசரமாகப் பேச வேண்டியவர்கள் வெளியே, இதற்கென்று குறித்த இடத்துக்கு வந்து திறந்துகொள்ளலாம். இது மிக நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. இருக்கை எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிக்கெட் பைக்குள் போய்விடும். கூட வருபவர் வேறு இடத்தில் உட்காருவாரானால், முடிந்த பின் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். வீட்டில் குழந்தைகளையோ முதியவர்களையோ விட்டு வருகிறவர்கள், இரண்டு மணி நேரம் அழைப்பு எடுக்க இயலாது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கடைசி ரயில் நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். கைக்கடிகாரம் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்புங்கள். முன்னால் பாடுகிறவர் யாரும் இல்லாததால், அரை மணி நேரம் தாமதமாகப் போனால் நான்கைந்து பாடல்கள் போய்விடும். பைகளைச் சோதித்து, கைப்பேசிகளைப் பூட்டி முடிக்க நேரமாகும். முக்கால் மணி நேரம் முன்னதாக வாசலில் இருப்பது போதுமானது.

அரங்கில்

விளக்குகள் அணைந்ததும் வணக்கமோ முன்னுரையோ இல்லாமல் இசை தொடங்கிவிடும். டிலன் கூட்டத்தோடு பேசுவது மிகக் குறைவு. குழுவினரை அறிமுகப்படுத்துவதைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் போவது வழக்கம். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வேண்டியதை அவர் பாட்டிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். பிடித்த பாட்டின் பெயரைக் கூவிக் கேட்பதால் எந்தப் பயனும் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வரி கெடும், அவ்வளவுதான். கூடச் சேர்ந்து பாடவும் முடியாது. நீங்கள் நினைக்கிற இடத்தில் அவர் வரியைத் தொடங்க மாட்டார், ஒரு மாத்திரை பொறுத்தோ முந்தியோதான் தொடங்குவார்.

முதல் இரண்டு பாடல்களில் குரல் பழகாமல் திகைப்பாக இருக்கலாம். அதற்கு நேரம் கொடுங்கள். ஆல்பர்ட் ஹாலில் முதல் பாடல் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. இரண்டாவது பாடல் தொடங்கியபோது மெட்டு எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது. இந்த முறை பெயரைத் தேடாமல் சொற்களை மட்டும் பின்தொடர்ந்தேன். ஒரு பெண்ணிடம் 'நீ தேடுகிற ஆள் நானில்லை' என்று சொல்லும் இடம் வந்தபோதுதான் அது 1964-இல் வந்த 'இட் எய்ன்ட் மீ, பேப்' என்று துலங்கியது. இருபத்து மூன்று வயதில் பாடியபோது அந்த வரியில் துடுக்கு இருந்தது. எண்பத்து மூன்று வயதில் அதே சொற்கள், தன்னிடம் இன்னும் எதையோ எதிர்பார்த்து ஐயாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தை நோக்கி மெதுவாகச் சொல்லப்பட்டதைப் போலக் கேட்டன. என் பக்கத்து இருக்கையில் இருந்த வயதான பெண்மணி பூட்டிய பையை இரண்டு கைகளாலும் மடியில் பிடித்தபடி, உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

கவனிக்க வேண்டிய இடங்கள் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். பியானோவில் அவர் ஒரு சிறிய சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே போவார். முதலில் தடுமாற்றம் போலக் கேட்கும் அது, மூன்றாவது நான்காவது சுற்றில் கிதார்க் கலைஞர்கள் அதைப் பற்றிக்கொண்டதும் பாட்டின் முதுகெலும்பாக மாறும். நீண்ட கதைப்பாடல்களில் குழு கிட்டத்தட்ட மௌனமாகி, அவர் குரலும் பியானோவும் மட்டும் நிற்கும் கணங்கள் வரும். 2024 ஐரோப்பியப் பயணத்தில் முரசு வாசித்த ஜிம் கெல்ட்னர் அத்தகைய இடங்களில் கோலை ஏறக்குறைய தூக்கவே இல்லை. அரங்கத்தில் இருமல் சத்தம்கூட அடங்கிவிடும், எவர் கையிலும் ஒளிரும் திரை இல்லாததால் இருட்டு முழு இருட்டாக இருக்கும்.

மவுத் ஆர்கனுக்காகக் காத்திருங்கள். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வரும்போது கூட்டம் மொத்தமும் ஒரு மூச்சை இழுப்பது காதில் விழும். நான் கேட்ட இரவில் நிறைவுப் பாடல் 1981-ஆம் ஆண்டின் 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்'. பாடி முடித்த பிறகு அவர் மவுத் ஆர்கனை எடுத்து வாசித்த அந்தச் சில அடிகள் உயரமாகவும் மெல்லியதாகவும், அறுபதுகளின் இசைத்தட்டுகளில் கேட்ட அதே ஒலியாகவும் இருந்தன. அன்று மாலை முழுவதும் மாறாமல் வந்த ஒரே ஒலி அதுதான்.

அதோடு கச்சேரி முடிந்தது. கைதட்டினால் திரும்பி வந்து இன்னொரு பாட்டுப் பாடும் வழக்கத்தை இந்தப் பயணத்தில் அவர் கைவிட்டுவிட்டார். குழுவினருடன் சற்று நேரம் நின்று, கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சில நொடிகள்தான் பியானோவின் மறைப்பு இல்லாமல் அவரை முழு உருவமாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் என்பதால், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் பாடலின்போதே எழுந்துவிடாதீர்கள்.

வெளியே வரும் வழியில் பணியாளர்கள் காந்தக் கருவியுடன் நின்று பையைத் திறந்து விடுவார்கள். அங்கே வரிசை நீளும், ஆனால் வேகமாக நகரும். கைப்பேசி கைக்கு வந்ததும் அன்றைய பாடல் பட்டியலைத் தேடிப் பார்க்கும் ஆவலைச் சற்று அடக்கிக்கொண்டு, ரயிலில் உட்கார்ந்ததும் நினைவில் இருப்பதை முதலில் தாளில் எழுதுங்கள்: எந்த வரி மாறியிருந்தது, எந்தப் பாட்டில் அவர் நின்றுகொண்டு வாசித்தார், எங்கே உங்களுக்குப் பிடிபடவில்லை. இருக்கை எண் எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே நான் எழுதினேன். பதினேழில் பதினான்கு நினைவுக்கு வந்தன. விடுபட்ட மூன்றையும் மறுநாள் காலையில் பட்டியலில் பார்த்து, முதல் வேலையாக அவற்றைக் கேட்டேன்.